ஓசைக்கும் ஒரு கணக்கு

சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் நடந்த ஒரு சிறு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். மேடையில் கோலாட்டம் நடந்துகொண்டிருந்தது. மேடையின் இடப்பக்கம் ஆள் உயரத்திற்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். அவற்றின் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், பாய் விரித்து முப்பது நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்திருந்தோம். பெரியவர்கள் சத்தம் தாங்காமல் நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் எங்கே இழுத்துக்கொள்வது? பாயில் உட்கார வைத்தால் பாயில்தான் இருக்க வேண்டும்.

முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரே பெரியவர் என் அப்பா. அவருக்கு வயது 83. ஒருவர் என் காதருகே வந்து, “உங்க அப்பாவைப் பாருங்க சார், இந்த வயசுல என்ன தெம்பு! நம்மால நிக்க முடியலை, அவர் பாட்டுக்கு ரசிக்கிறார்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்துவைத்தேன். அப்பா ரசித்தது பிள்ளைகளின் ஆட்டத்தை. பாட்டு அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். சொற்கள் ஒன்றுகூட விளங்கியிருக்காது.

ஆசிரியர் குழுவினர் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு வந்தபோது, “அறிவியலா இருக்கட்டும் சார், ஆனா சூத்திரம் மட்டும் வேண்டாம்” என்று நிபந்தனை போட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையில் சூத்திரம் எழுதியே பிழைத்தவனுக்கு இது கொஞ்சம் கஷ்டமான நிபந்தனைதான். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். டெசிபலைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அந்த விழா நாளிலிருந்து அந்தச் சொல்தான் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து 1968-இல் கப்பல் வேலைக்கு வந்தவர். இஞ்சின் ரூமில் ஆயில்மேன். சுமார் முப்பது ஆண்டுகள், பல கப்பல்கள். எங்களை 1970-இல் இங்கே அழைத்து வந்தார். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம் வேலை என்று அவர்களுக்கு முறை. காதுக்கு என்ன போட்டுக்கொள்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “காட்டன் வேஸ்ட் இருக்குமில்ல, அதைத் திரிச்சு சொருகிக்குவோம்” என்றார். எண்ணெய் துடைக்கிற அதே பஞ்சு நூல்!

அவர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் தெருவே அறியும். சாதாரணமாகத் தண்ணீர் கேட்பதே அதட்டலாக இருக்கும். நாங்கள் சிறுபிள்ளைகள் பயந்து ஒதுங்குவோம். அம்மாதான் சமாதானம் சொல்வார்: “அது கோவமில்லடா, கப்பல் குரல்.” அது கோபமும் இல்லை, கப்பல் குரலும் இல்லை, தன் குரல் தனக்கே கேட்காத ஒருவரின் குரல் என்று எனக்குப் புரிந்தபோது நானே ஆசிரியராகிவிட்டேன்.

தங்கமும் சிமெண்டும் ஒரே தராசில்

நாம் எல்லோரும் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம். அந்தக் காற்று நம்மை அழுத்திக்கொண்டே இருக்கிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் சராசரியாக 1,01,325 பாஸ்கல். ஓசை என்பது இந்த அழுத்தத்தில் ஏற்படும் மிகச் சிறிய ஏற்ற இறக்கம்தான். தவிலின் தோல் முன்னே வரும்போது காற்று நெருங்குகிறது, பின்னே போகும்போது தளர்கிறது. அந்த நெருக்கமும் தளர்ச்சியும் அலையாக ஓடி வந்து நம் செவிப்பறையைத் தள்ளி இழுக்கின்றன.

எவ்வளவு சிறிய ஏற்ற இறக்கம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நல்ல காதுள்ள ஓர் இளைஞருக்கு ‘ஏதோ கேட்கிறது’ என்ற உணர்வு வருவதற்கு ஒரு பாஸ்கலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு போதும். இதையே 20 மைக்ரோ பாஸ்கல் என்கிறார்கள். மொத்தக் காற்றழுத்தத்தில் இது ஏறக்குறைய 500 கோடியில் ஒரு பங்கு. நம் ஹேடோ துறைமுகத்துப் பக்கம் பத்து மீட்டர் ஆழமுள்ள ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆழம் முழுவதையும் காற்றழுத்தமாக வைத்துக்கொண்டால், காது கண்டுபிடிக்கும் சிற்றலையின் உயரம் ஒரு மீட்டரை ஐம்பது கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்குதான். எந்தக் கொக்கின் கண்ணுக்கும் அது தெரியாது. நம் காதுக்குத் தெரிகிறது.

மறுபக்கம் பாருங்கள். காது கூசி வலிக்கத் தொடங்கும் இடத்தில் அந்த ஏற்ற இறக்கம் சுமார் 20 பாஸ்கல். அதாவது முதல் அளவைப்போல் பத்து லட்சம் மடங்கு. ஒரு கிராம் தங்கத்தையும் ஒரு டன் சிமெண்டையும் ஒரே தராசில் நிறுப்பது போன்ற வேலை இது. நம் காது அதைச் செய்கிறது.

இத்தனை பெரிய வீச்சை எண்ணாக எழுதினால் பூச்சியங்களை எண்ணியே மாளாது. அதற்குத்தான் மடக்கை. பள்ளியில் கிளார்க் டேபிள் புத்தகம் வைத்திருந்தவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம். பயப்படாதீர்கள், டேபிள் தேவையில்லை. மடக்கை செய்வது ஒன்றே ஒன்றுதான்: பெருக்கலைக் கூட்டலாக மாற்றுகிறது. காதுக்குக் கேட்கும் மிகக் குறைந்த அழுத்தத்தைப் பூச்சியம் டெசிபல் என்று வைத்துக்கொள்கிறோம். அழுத்தம் பத்து மடங்கானால் 20-ஐக் கூட்டு. நூறு மடங்கானால் 40. ஆயிரம் மடங்கானால் 60. இது நாம் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசும் அளவு. பத்து லட்சம் மடங்கானால் 120. அவ்வளவுதான் டெசிபல்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பூச்சியம் டெசிபல் என்றால் நிசப்தம் என்று பொருளல்ல. அது நாமே போட்டுக்கொண்ட ஒரு கோடு. அதற்குக் கீழே மைனஸ் டெசிபலும் உண்டு. இரண்டாவது, டெசிபலைக் கிலோவைப் போலக் கூட்டக்கூடாது. 90 டெசிபல் தரும் ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் அதேபோன்ற இன்னொரு பெட்டியை வைத்தால் 180 ஆகாது, 93தான் ஆகும். ஆற்றல் இரட்டித்தால் 3 டெசிபல் ஏறும், அதுதான் கணக்கு.

இந்த அளவு பிறந்தது சத்தத்தை அளப்பதற்காகவே அல்ல, டெலிபோனுக்காக. அமெரிக்காவில் பெல் டெலிபோன் பொறியாளர்கள், நீண்ட கம்பியில் போகப் போகக் குரல் எவ்வளவு தேய்கிறது என்பதை முதலில் ‘இத்தனை மைல் கம்பி’ என்றே கணக்கிட்டு வந்தார்கள். 1920-களில் அதை மாற்றி ஒரு புதிய அலகு கண்டார்கள். 1928-இல் அதற்கு அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்லின் பெயரைச் சூட்டி, ‘பெல்’லில் பத்தில் ஒரு பங்கு என்னும் பொருளில் டெசிபல் என்றார்கள். ஒரு மைல் கம்பியில் குரல் தேய்வது ஏறத்தாழ ஒரு டெசிபல்தான். பெல்லின் தாயாருக்குக் காது மந்தம். அவர் மனைவியோ ஐந்து வயதுக் காய்ச்சலில் செவியை முழுமையாக இழந்தவர். காது கேளாதோருக்குக் கற்பித்த ஆசிரியர் அவர். உலகத்துச் சத்தத்தையெல்லாம் இன்று அவர் பெயரால் அளக்கிறோம்.

பீரங்கி என்று நினைத்தார்கள்

சத்தத்தின் சரித்திரத்தில் நம் தீவுகளுக்கும் ஓர் இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நான் பள்ளியில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆண்டு 1883. அப்போது போர்ட் பிளேர் (இன்றைக்கு ஸ்ரீ விஜயபுரம், வாய் இன்னும் பழகவில்லை, மன்னிக்கவும்) ஒரு கைதிகள் குடியேற்றம். ஆட்சியின் தலைமையிடம் எதிரே இருந்த ராஸ் தீவு. செல்லுலார் சிறையைக் கட்டத் தொடங்கவே இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன. சாத்தம் மர ஆலை தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆக, மோட்டார் இல்லை, மைக் இல்லை. கடலும் காடும் மரம் அறுக்கும் ஓசையும்தான் ஊரின் சத்தம்.

அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில் இந்தத் தீவுகளில் விசித்திரமான ஓசை கேட்டது. தூரத்தில் எங்கோ பீரங்கி சுடுவது போல இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள். பீரங்கி எதுவும் சுடப்படவில்லை. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் சுந்தா நீரிணையில் கிரக்கட்டோவா என்ற எரிமலை வெடித்த ஓசை அது! ஆகஸ்ட் 27-ஆம் தேதி காலை அவ்விடத்து நேரம் 10 மணி 2 நிமிடத்துக்கு மிகப் பெரிய வெடிப்பு நிகழ்ந்தது. அங்கிருந்து போர்ட் பிளேருக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். சென்னையில் நின்றுகொண்டு இமயமலைக்கு அப்பால் வெடித்த வெடியைக் கேட்பது போல. ஓசை ஒரு வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். அந்தக் கணக்கில், அங்கே வெடித்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இங்கே வந்து சேர்ந்திருக்க முடியும். நம் முன்னோர் சிலர் அதைக் கேட்டபோது, எழும்பிய கடல் அலைகள் அங்கே கரையோர ஊர்களை அழித்துக்கொண்டிருந்தன. இறந்தவர் எண்ணிக்கை 36,000-க்கும் மேல். 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

மக்காசரில் என்ன சத்தம் என்று பார்த்துவர இரண்டு நீராவிக் கப்பல்களை அனுப்பினார்களாம். மொரிஷியஸ் அருகே ராட்ரிக்ஸ் தீவில், ஏறத்தாழ 4,800 கிலோமீட்டருக்கு அப்பால், காவல்துறைத் தலைவர் கிழக்கிலிருந்து பெரும் பீரங்கிகளின் முழக்கம் வருவதாகக் குறித்துவைத்தார். அது நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்த ஓசை. எரிமலைக்கு வெறும் 64 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த நார்ஹம் காசில் என்ற ஆங்கிலேயக் கப்பலில், மாலுமிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் செவிப்பறை கிழிந்துவிட்டதாக அதன் கேப்டன் எழுதினார்.

அந்தச் சத்தம் எத்தனை டெசிபல்? 1883-இல் டெசிபல் என்ற சொல்லே கிடையாது, பின் எப்படிச் சொல்வது? இங்கேதான் சத்தம் என்பது அழுத்தம் என்ற பாடம் கைகொடுக்கிறது. எரிமலைக்கு 160 கிலோமீட்டர் தள்ளி, அந்நாளைய பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா), ஒரு கேஸ் தொழிற்சாலையில் அழுத்தமானி ஒன்று இருந்தது. அலை கடந்தபோது அதில் பாதரசக் கணக்கில் இரண்டரை அங்குலத்துக்கும் மேலே அழுத்தம் ஏறிப் பதிவானது. அதை இன்றைய அலகுக்கு மாற்றினால் சுமார் 8,500 பாஸ்கல். கேட்கும் தொடக்க அழுத்தத்தால் வகுத்து மடக்கை எடுத்தால் 172 டெசிபல் வருகிறது. என் மாணவர்கள் எத்தனையோ பேர் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். பூச்சியத்தை விட்டுவிட்டு 152 என்று கொண்டுவந்தவர்களும் உண்டு!

அதையும் தாண்டி எவ்வளவு தூரம் போகலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அழுத்தம் ஏறுவதற்கு வரம்பில்லை, ஆனால் இறங்குவதற்கு உண்டு. காற்றழுத்தம் முழுவதும் வற்றி வெற்றிடமானால் அதற்குக் கீழே இறங்க ஏதுமில்லை. சாதாரண ஒலி அலைக்கு அந்த எல்லை 194 டெசிபல். அதற்கு மேல் போனால் அது ஒலி அலை அல்ல, அதிர்ச்சி அலை.

இதைக் கேட்டதும் வகுப்பில் எவனாவது ஒருவன் கட்டாயம் கேட்பான்: “சார், நம்ம பாரன் தீவு?” கேள்வி நியாயமானதே. பட்டேவியா கிரக்கட்டோவாவிலிருந்து எத்தனை தூரமோ, ஏறக்குறைய அத்தனை தூரத்தில்தான் நம் பாரன் எரிமலை நமக்கு வடகிழக்கே இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டு தூங்கி 1991-இல் விழித்து, அதன் பிறகும் பலமுறை புகைந்து தீக்குழம்பு கக்கியிருக்கிறது. ஆனால் இதுவரை நாம் கண்டவரை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கித் தீர்த்துக்கொள்ளும் குணமுள்ளது. கிரக்கட்டோவாவைப் போல் அடக்கி வைத்து ஒரேயடியாய் வெடித்ததல்ல.

கேட்காத சத்தம்

கிரக்கட்டோவா கணக்கில் ஒரு புதிர் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஓசை 6 டெசிபல் குறையும் என்பது பொது விதி. 160 கிலோமீட்டரில் 172 என்றால், நான்கு முறை இரட்டித்து 2,560 கிலோமீட்டர் வந்தபோது 24 குறைந்து 148 இருக்க வேண்டாமா? அது காது வலிக்கும் அளவு. ஆனால் இங்கே கேட்டது தூரத்துப் பீரங்கி போன்ற ஓசைதானே?

விடை 2022-இல் நமக்கே கிடைத்தது. அவ்வாண்டு ஜனவரி 15-இல் பசிபிக் கடலில் டோங்கா அருகே ஹுங்கா எரிமலை வெடித்தது. அதன் அழுத்த அலை உலகத்தையே சுற்றியது. சென்னையில்கூடக் காற்றழுத்தமானிகள் சட்டென்று துள்ளின. நூறு பாஸ்கல் துள்ளினாலே கணக்கில் 134 டெசிபல்! அதாவது, பொங்கலுக்கு மறுநாள் இரவு சென்னைவாசிகளின் தலைக்கு மேல் காது வலிக்க வேண்டிய ஓர் அலை கடந்துபோயிருக்கிறது. ஒருவர் காதிலும் விழவில்லை. வீட்டு நாய்கூடக் குரைத்திருக்காது.

காரணம், அந்த அலை மிக மிக மெதுவாக அசைந்தது. ஓர் ஏற்றமும் இறக்கமும் முடியப் பல நிமிடங்கள். நம் காது வினாடிக்கு 20 அசைவிலிருந்து 20,000 அசைவு வரைதான் கேட்கும். அதற்குக் கீழே உள்ளதற்குக் குற்றொலி என்று பாடநூலில் பெயர். கிரக்கட்டோவாவின் பேரலையிலும் பெரும்பகுதி இப்படிப்பட்ட குற்றொலிதான். அந்த அலை உலகைச் சுற்றிச் சுற்றி வந்ததை ஐந்து நாட்கள் வரை பாரமானிகள் பதிந்தன, காதுகள் அறியவில்லை. இத்தகவல்களையெல்லாம் திரட்டி லண்டன் ராயல் சொசைட்டி 1888-இல் ஒரு பெரிய அறிக்கையே வெளியிட்டது. நம் தீவில் கேட்ட பீரங்கி ஓசை, அந்தப் பேரலையில் காதுக்கு எட்டும் ஒரு துணுக்கு மட்டுமே.

ஆகவே, ஒலியழுத்தம் வேறு, உரப்பு வேறு. அழுத்தம் காற்றில் இருக்கிறது, கருவி அதை அளக்கும். உரப்பு நம் தலைக்குள் இருக்கிறது. ஒரே 40 டெசிபல் அழுத்தம் கொண்ட புல்லாங்குழல் சுரம் தெளிவாகக் கேட்கும். அதே அழுத்தத்தில் மிகத் தாழ்ந்த உறுமல் கேட்கவே கேட்காது. 1933-இல் பிளெச்சர், மன்சன் என்ற இருவர் ஆட்களை உட்கார வைத்துச் சோதித்து இதை வரைபடமாகப் போட்டார்கள். அதன் வழியில்தான் ஒலிமானிகளுக்குள் ஒரு சல்லடை வைத்தார்கள். காது கண்டுகொள்ளாத தாழ்ந்த ஓசைகளைக் கருவியும் கண்டுகொள்ளாமல் கழித்துவிடும். அப்படிக் கழித்த அளவை டெசிபல் (ஏ) என்பார்கள். அரசாங்க விதிகளில் வருவதெல்லாம் இதுதான்.

உரப்பில் இன்னொரு விந்தையும் உண்டு. 10 டெசிபல் ஏறினால் ஆற்றல் பத்து மடங்கு. ஆனால் கேட்பவரைக் கேட்டால், “இரண்டு மடங்கு இருக்கும்” என்பார். இருட்டில் ஒரு விளக்கு ஏற்றினால் வீடே வெளிச்சமாகிறது. நூறு விளக்கு எரியும் கல்யாணப் பந்தலில் ஒன்று கூடினால் யார் கவனிக்கிறார்கள்? காதும் அப்படித்தான். ஆபத்து பத்து மடங்கு ஏறும்போது அது இரண்டு மடங்கு என்றுதான் நம்மிடம் சொல்லும். கொஞ்ச நேரம் போனால் அதையும் சொல்லாது; பழகிவிட்டது என்போம்.

ஏழரை நிமிடம்

எங்கள் அப்பாவுக்கு நடந்தது இதுதான். இஞ்சின் ரூம் சத்தம் அவருக்குப் பழகிவிட்டது.

கப்பல் இயந்திர அறைகளில் சத்தம் 110 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1981-இலேயே நெறி வகுத்தது. 85-க்கு மேல் இருந்தால் காதுக்குக் காப்பு வேண்டும் என்றும் சொன்னது. அப்பா வேலை பார்த்த கப்பல்களில் எத்தனை இருந்தது என்று யாரும் அளந்து சொன்னதில்லை. பக்கத்தில் நிற்பவரின் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும் என்பார். அப்படியானால் குறைந்தது 100-க்கு மேல் இருந்திருக்கும். 103 என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்போது கணக்கு. 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது இன்று தொழில்நல வல்லுநர்கள் வைத்திருக்கும் வரம்பு. 3 டெசிபல் ஏறினால் ஆற்றல் இரட்டிக்கிறது, ஆகவே நேரம் பாதியாக வேண்டும். 88-க்கு நாலு மணி. 91-க்கு இரண்டு. 94-க்கு ஒன்று. 97-க்கு அரை மணி. 100-க்குக் கால் மணி. 103-க்கு ஏழரை நிமிடம். சனியைச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது. அப்பா ஏழரை நிமிடம் இருக்க வேண்டிய இடத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் இருந்தார். முப்பது ஆண்டுகள்.

காதின் உள்ளே நத்தை ஓடு போன்ற ஒரு சுருளில் நுண்ணிய மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. பலத்த ஓசையில் அவை சாய்ந்து, ஓய்வு கொடுத்தால் சிலகாலம் நிமிரும். விழா முடிந்து வீட்டுக்கு வந்தபின் காதில் ‘கொய்ங்’ என்று கேட்கிறதே, அது அவை படும் பாடு. மீண்டும் மீண்டும் சாய்த்தால் பட்டுப்போகும். நெல் பட்டுப்போனால் மறுபோகம் நடலாம். இவை மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

முதலில் பட்டுப்போவது வினாடிக்கு 4,000 அசைவுள்ள ஓசைகளைக் கேட்கும் இடம். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரோசைகள் அதற்குக் கீழே இருப்பவை, அவை தப்பிவிடும். ச, ஸ, த போன்ற மெல்லிய மெய்யோசைகளின் கூர்மை மேலே இருப்பது, அது போய்விடும். அதனால்தான் அப்பா, “கேக்குது, புரியலை” என்பார். நாங்கள் இன்னும் உரக்கக் கத்துவோம். கத்தினால் உயிரோசைதான் இன்னும் பெரிதாகும். புரியாதது புரியாததாகவே இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை ஆண்டுகள் அவரிடம் கத்தினோம் என்று நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. எதிரே வந்து உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாகச் சொன்னால் அவருக்குப் பாதிக்கு மேல் விளங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் காது மருத்துவரிடம் அழைத்துப்போய் ஆடியோகிராம் எடுத்தோம். 4,000 என்ற இடத்தில் கோடு கிணற்றுக்குள் இறங்குவது போல 60 டெசிபலுக்கு இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். மற்றவர்களுக்குக் கேட்கும் அதே சிற்றோசை அப்பாவுக்குக் கேட்க வேண்டுமானால் அழுத்தம் ஆயிரம் மடங்கு வேண்டும். ஆற்றலில் பத்து லட்சம் மடங்கு. அறுபது என்று பார்த்தபோது பரவாயில்லை என்று இருந்தது. பத்து லட்சம் என்று எழுதிப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

சங்கத்தில் வைத்த வழக்கு

பொங்கல் விழா அன்று அந்தப் பாய்க்கு அருகே போய், மகனின் கைப்பேசியில் உள்ள ஒலிமானியைத் திறந்து பார்த்தேன். 101, 102 என்று ஆடியது. கைப்பேசி சரியான கருவியல்ல. முறையான ஒலிமானியை 94 டெசிபல், அதாவது மிகச் சரியாக ஒரு பாஸ்கல் தரும் சிறு கருவியை மாட்டிச் சரிபார்த்துத்தான் பயன்படுத்துவார்கள். கைப்பேசிக்கு ஐந்தாறு டெசிபல் முன்னே பின்னே இருக்கலாம். அப்படியே இருந்தாலும் பிள்ளைகள் மூன்று மணி நேரம் உட்கார வேண்டிய இடம் அல்ல அது.

அடுத்த செயற்குழுவில் இதைப் பேசினேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பதையும், இரவு பத்துக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதையும் எடுத்துச் சொன்னேன். எதிர்பார்த்தது போலவே, “சார், சத்தம் இல்லாம விழாவா? வருஷத்துக்கு ஒரு நாள்தானே?” என்றார்கள். மைக்செட் தம்பியோ அடுத்த ஆண்டுக்கு இன்னும் இரண்டு பெட்டி போடலாம் என்ற யோசனையோடு வந்திருந்தார். எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

“தம்பி, ரெண்டு பெட்டியை நாலாக்கினா எத்தனை டெசிபல் கூடும்?” என்றேன்.

“டபுள் ஆகும் சார்.”

“மூணுதான் கூடும். வாடகை டபுள் ஆகும்.”

பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இப்ப வைக்கிறதுல பத்து டெசிபல் குறைச்சா ஜனங்களுக்குப் பாதி சத்தமாத்தான் தெரியும், பாட்டு நல்லாவே கேக்கும். ஆனா உங்க ஆம்ப்ளிபயர் இழுக்கிற பவர் பத்துல ஒரு பங்கு. ஆயிரம் வாட்ஸ் வேண்டிய இடத்துல நூறு வாட்ஸ்.”

“ஜெனரேட்டர் டீசல்?” என்றார் பொருளாளர்.

“அதுவும் மிச்சம்தான்.”

பிள்ளைகளின் காதுக்காக நான் அரை மணி நேரம் பேசியது ஏறவில்லை. டீசல் கணக்கு அரை நிமிடத்தில் ஏறியது. நான் குறை சொல்லவில்லை. தீர்மானம் நிறைவேறினால் சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொண்டோம்: பெட்டியிலிருந்து இரண்டு மீட்டரில் விரிக்கும் பாயை எட்டு மீட்டருக்குத் தள்ளுவது. தூரம் இரண்டு முறை இரட்டிக்கிறது. 12 டெசிபல் வரை குறையும். மண்டபத்துச் சுவர் எதிரொலித்துக் கொஞ்சம் திருப்பித் தரும், போகட்டும். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

இந்த ஆண்டு விழாவில் அப்படியே செய்தோம். நாற்காலிகளை யாரும் பின்னுக்கு இழுக்கவில்லை. பாயில் இருந்த இடத்தில் மறுபடி கைப்பேசியைத் திறந்தேன். 80, 81. பேச்சாளர் பேசும்போது பின்வரிசையில் இருந்த பெண்கள் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொள்ளவும் முடிந்தது. அது நல்லதா கெட்டதா என்பதைப் பேச்சாளர்தான் சொல்ல வேண்டும்.

அப்பா வழக்கம்போல் முன்வரிசையில். கோலாட்டம் தொடங்கிப் பாதி ஆனதும் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் எதிரே போய் மண்டியிட்டு முகம் பார்த்தேன்.

“ஏம்ப்பா,” என்றார், மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி, “இந்த வருஷம் மைக்செட் சொல்லலையா?”